நண்டுவின் தீவில் விளக்கு

ஜூலை 3, வியாழன்

அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பதிவேடு ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். பதின்மூன்று வருடமாகப் போலீஸில் அடுத்தவர்கள் சொன்னதையே எழுதி எழுதித் தேய்ந்த கை. இனிமேல் நான் சொல்வதையும் கொஞ்சம் எழுதட்டும். விதி மட்டும் அதேதான். தப்பாக எழுதினால் பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடவேண்டும்.

எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். விளையாடுகிற வேலை.

உப்பளங்களை எடுத்துக்கொண்டு ஏதோ ரசாயன ஆலை கட்டப் போகிறார்களாம். உப்பளத்து ஆட்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள்; குழு நடத்தினவர்களைக் கூப்பிட்டு விசாரித்தோம்; மறுநாள் குழுவே காலி. இப்போது எல்லோரும் 'ஏழு தீவு' என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள் போய் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்களாம். எங்கள் சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் தவமணி ஐயா கூப்பிட்டுச் சொன்னார்.

"வெளிய நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. உள்ள போய் ஆடணும். ஒனக்குத்தான் நம்ம பக்கத்துப் பேச்சு நல்லா வரும்."

"எனக்குத் தாயமே ஒழுங்கா ஆட வராது ஐயா."

"சம்பளம் குடுத்து ஆடச் சொன்னா எல்லாருக்கும் வரும், போ."

வரும் வழியில் மிக்சி ஜாருக்கு ரப்பர் வாங்க நினைத்து மறந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

அலுவலகத்தில் கொடுத்த போனில் இரண்டு நாளாகக் கற்றுக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு தீவு. மரம் வெட்டலாம், சுவர் கட்டலாம், அடுத்த தீவுக்குப் படகில் போகலாம். ஒவ்வொரு தீவின் நடுவிலும் ஒரு கலங்கரை விளக்கு. அதை ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குள் ஏற்றவேண்டும். ஒருநாள் விட்டால் சுவர் இடியும். மூன்று நாள் விட்டால் தீவே கடலுக்குள் போய்விடும். சேர்ந்து ஆடுகிறவர்கள் கூட்டமாக இருப்பார்கள்; யார் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்று கூட்டத்தின் பலகையில் எல்லோருக்கும் தெரியும். ஆறு மணிக்குப் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்குத் தொடங்கும்.

என் பெயர் அங்கே 'மஞ்சக்கிழங்கு'. வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் சாம்பார் சிந்தியது. அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். "நாங்க ஸ்பேனர் புடிச்சு சம்பளம் வாங்குதோம், நீ தீவு வாங்குதே" என்கிறார்.

ஜூலை 7, திங்கள்

உப்புக்காரர் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்து மூன்று பேர். தலைவியின் விளையாட்டுப் பெயர் 'கலங்கரை'. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை பார்க்கிற பெண்; பேச்சில் பாதி அதட்டல். எல்லோரும் மைக்கில் பேசுகிறார்கள். நான் தட்டச்சு மட்டும்தான். கேட்டதற்கு, மாமியார் சதா பக்கத்திலேயே இருக்கிறார், குரல் கேட்டால் வீடு இரண்டாகும் என்று எழுதினேன். என் மாமியார் போய் நான்கு வருடமாகிறது. தங்கமான மனுஷி. மன்னிக்கவேண்டும்.

ஜூலை 9, புதன்

'நண்டு' என்று ஒரு பையன். உப்பு லாரி ஓட்டுகிறான், கேரளாவுக்குப் போய்வருகிறான். என் தீவுச் சுவர் கேவலமாக இருக்கிறது என்று, கேட்காமலேயே இருபது கட்டு மரம் கொண்டுவந்து இறக்கினான். "அக்கா, மாமியார் திட்டுனா இங்க வந்து நாலு மரத்த வெட்டுங்க. கோவம் போயிரும்" என்று எழுதினான்.

அறிக்கை கொடுத்தேன். 21ஆம் தேதி கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். கட்டுச்சோறும் குடையும் அவரவர் கொண்டுவரவேண்டும். ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"குடையா? குடைய வச்சு நான் மேல என்னத்தம்மா அனுப்ப?"

ஜூலை 11, வெள்ளி

இவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 'விளக்கு கொடுப்பது' என்கிறார்கள். கடலுக்கோ, லாரிக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் தங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் உள்ளே நுழைந்து விளக்கை ஏற்றிவிட்டு வரவேண்டும். யாரிடம் கொடுத்தோம் என்று வெளியே சொல்லக்கூடாது. கேட்கவும் கூடாது. முன்பு ஒருமுறை வெளியே தெரிந்து ஒரு தீவைத் திருடிவிட்டார்களாம்.

நண்டு இன்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். வாரத்தில் நாலு நாள் ரோட்டில்தான் இருக்கிறானாம், ஓட்டும்போது போனைத் தொடுவதில்லையாம். "நாலு வருச தீவு அக்கா. ஒங்க கையில விளக்கு குடுக்கேன்." கூடவே கடவுச்சொல்.

சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. அறிக்கையில் இதை எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, இடம் போதவில்லை.

ஜூலை 14, திங்கள்

தலைமையிடத்திலிருந்து ஐயாவுக்கு டோஸ். பத்து நாள் விளையாடி ஒரு பெயர்கூடத் தேறவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதை அப்படியே என்மேல் இறக்கினார். "ஒரு கல்ல எறிஞ்சு பாரும்மா. எவன் தல தூக்குதான்னு தெரியும்."

ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்தே நண்டுவின் விளக்கை ஏற்றினேன். பிறகு கூட்டத்தின் அரட்டையில் கொஞ்ச நேரம் இருந்தேன். தலைவலி. சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

ஜூலை 16, புதன்

தலைமையிடத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. விளையாட்டுகளின் அரட்டையை எல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். சில சொற்கள் வந்தால் தனியாக எடுத்து வைக்கும். காலையில் ஐயாவின் மேஜையில் அச்சடித்த தாள்.

பெயர்: நண்டு. ஜூலை 14, மாலை 5.41. 'குடை புடிச்சு உக்காந்தா எவன் திரும்பிப் பாப்பான்? கம்பெனி கேட்டுக்குத் தீய வச்சாத்தான் பாப்பான். யாரெல்லாம் வாரிய?'

கீழே கலங்கரையின் பதில்: 'நண்டு, இது என்ன பேச்சு? முதல்ல அத அழி.' மற்றவர்கள் யாரும் ஆமாம் போடவில்லை. நண்டு பதில் சொல்லாமல் வெளியேறிவிட்டது.

"இந்தா மாட்டிச்சுல்லா" என்றார் ஐயா. ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சம். "யாரு இவன், லாரிக்காரனா?"

லாரிக்காரன்தான் என்றேன். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். ஏசியில் உட்கார்ந்தால் எனக்குத் தாகம் அதிகம்.

ஜூலை 17, வியாழன்

சோதனைச் சாவடியில் நண்டுவை உப்பு லோடோடு பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெயர் ஜெபசிங். இருபத்தைந்து வயது. நான் நினைத்ததைவிட ஒல்லி. கணுக்காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஐயா கேட்கக் கேட்க நான் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தேன். இரண்டடி தூரம். அவன் என் குரலைக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்ததில்லை. இருந்தும் தலையை நிமிர்த்தவே எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது ஒன் கணக்குதானே?"

"என் கணக்குதான் சார். எழுதுனது நானில்ல."

"பின்ன ஒன் லாரியா எழுதிச்சு?"

"அன்னிக்கு நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன் சார். விளக்க ஒருத்தங்ககிட்ட குடுத்திருந்தேன்."

ஐயாவுக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். தீவு, விளக்கு, ஆறு மணி எல்லாம். போலீஸ்காரருக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற உற்சாகத்தில், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே ஒரு நிமிடம் மறந்துவிட்டான்.

"சரி, யார்ட்ட குடுத்தே?"

"அது சொல்லப்பிடாது சார்."

"குண்டாஸ் போட்டா ஒரு வருசம் உள்ள கிடப்பே, தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது ஒரு அக்கா சார். வீட்டுல மாமியா ரொம்பப் படுத்துதாவ, வாயத் தொறந்து பேசக்கூட முடியாது. ஏதோ கோவத்துல எழுதிட்டாவ போல. போலீசு போய் அந்த வீட்டு வாசல்ல நின்னா அவிய கதி என்னாவும்? விடுங்க சார். நான் சொல்ல மாட்டேன்."

என் விரல் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. ஐயா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் அறிக்கைகளை எல்லாம் படித்தவர் அவர். மாமியார் கதையை முதல் நாளே சொல்லிச் சிரித்தவள் நான்.

அவனை வெளியே கொண்டுபோன பிறகு ஐயா கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விளக்கு, அக்கா, அந்த வரியெல்லாம் வேண்டாம். எடுத்துரு."

எடுத்துவிட்டேன். கணினியில் எடுத்தால் தடமே இருப்பதில்லை. ஜெபசிங் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

ஜூலை 18, வெள்ளி

பதினைந்து நாள் ரிமாண்ட்.

மாலை ஐந்தரைக்கு என் கை தானாகப் போய் நண்டுவின் விளக்கை ஏற்றிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

கோழி வாங்கிவந்து கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் அடுக்களையிலேயே நின்றார்.

"என்ன ஆச்சு ஒனக்கு? அஞ்சு நாளா நீ நீயா இல்ல."

வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். 14ஆம் தேதி கல்லெறியச் சொன்னார்கள், எறிந்தேன். மஞ்சக்கிழங்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். விளக்கேற்ற நண்டுவின் கணக்குக்குள் போனவள் வெளியே வராமலேயே எழுதிவிட்டேன். கலங்கரை 'நண்டு' என்று அதட்டியபோதுதான் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். உடனே வெளியேறிவிட்டேன். அழிக்கக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப அந்தப் பையன்?"

"உள்ள இருக்கான்."

அவர் வெங்காயத் தட்டை என்னிடமிருந்து வாங்கி மீதியை உரித்தார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"எங்க டெப்போல ஒருத்தன் பிரேக்கு போல்ட்ட முறுக்காம விட்டுட்டான். டிரைவரத்தான் சஸ்பெண்ட் பண்ணாங்க" என்றார். "அவன் இப்பமும் எங்கூடத்தான் உக்காந்து டீ குடிக்கான். அவன் மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கல."

ஜூலை 21, திங்கள்

கலெக்டர் அலுவலகத்தில் பந்தோபஸ்து. வந்தார்கள், குடை பிடித்தார்கள், கட்டுச்சோறு சாப்பிட்டார்கள், இலையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அதட்டுகிற குரலை வைத்துக் கலங்கரையைக் கண்டுபிடித்தேன். கையெல்லாம் உப்பில் வெடித்த கோடுகள். பந்தோபஸ்து போலீஸ் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஐயாவிடம் போய் நின்றேன். அந்தச் செய்தி எந்த இணைய இணைப்பிலிருந்து போனது என்று விளையாட்டுக் கம்பெனியிடம் கேட்டால் நம் அலுவலக இணைப்பு என்றுதானே வரும் என்றேன்.

"கேட்டாத்தானே வரும்."

"பையன் ஒண்ணும் பண்ணலியே ஐயா."

"தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னா ஒன் வேல போகும், ஒம்மேல கேஸ் வரும். கல்லெறியச் சொன்னது நாந்தான், என் வேலயும் போகும். அதுக்கப்புறம் இந்தப் பிரிவையே மூடுவான். யோசிச்சுப் பாரு."

என் கர்ப்பம் கலைந்த வருடம், விடுப்பு மனு எழுதாமலேயே மூன்று வாரம் வீட்டில் இருக்கவிட்ட மனுஷர் இவர். அவரை வெறுக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

விளக்கு ஏற்றினேன்.

ஜூலை 24, வியாழன்

குண்டாஸ் காகிதங்கள் தயாராகின்றன. திங்கட்கிழமை ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. ஜாமீன் கிடைக்காவிட்டால் அன்று மாலையே கலெக்டரின் கையெழுத்து ஆகிவிடும். பிறகு ஒரு வருடம்.

கூட்டத்தின் அரட்டையில் யாரோ இன்று கேட்டார்கள்: 'நண்டு உள்ள இருக்கான். போனும் போலீஸ்ட்ட இருக்கு. அவன் தீவுல தினம் விளக்கு எரியுதே, எப்படி?'

பிறகு கலங்கரை: 'கேக்கப்பிடாதுன்னு முறை இருக்குல்லா. சும்மா இரு.'

ஜூலை 27, ஞாயிறு

காலையில் கலங்கரை எழுதியிருந்தாள். அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

'நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டு. நண்டு கூண்டுல நிக்கிற நேரத்துல அவன் விளக்கு எரிஞ்சா, அந்தக் கணக்க வேற ஆளும் தொறக்காங்கன்னு ஜட்ஜுக்குத் தெரியும்னு வக்கீல் சொல்லுதாரு. பழைய படத்தக் காட்டுனா போலின்னுருவாங்களாம், கண்ணு முன்னால எரியணுமாம். நண்டு விளக்கு யாரு கையில இருக்கோ, இன்னிக்கு ஆறு மணிக்கு மேல ஏத்தாதிய. நாளைக்குப் பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள ஏத்துங்க. நீங்க யாருன்னு நாங்க கேக்க மாட்டோம். எப்பவும் கேக்க மாட்டோம்.'

அரை மணி நேரத்தில் ஐயா போன் செய்து வரச் சொன்னார். அதே செய்தி அவர் திரையிலும் இருந்தது.

"பாஸ்வேர்ட எழுதிக் குடு. மாத்திருவோம்."

"மறந்துபோச்சு ஐயா."

"தினமும் ஏத்துனே. இன்னிக்கு மறந்துபோச்சா?"

"ஆமா ஐயா."

"ஆபீஸ் போன வச்சுட்டுப் போ" என்றார். மேஜைமேல் வைத்தேன். அவர் என் சொந்த போனைக் கேட்கவில்லை. மறந்தாரா, கேட்க வேண்டாம் என்று விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் போனில் நண்டுவின் கணக்கை நான் இதுவரை திறந்ததே இல்லை. அலுவலக இணைப்பென்றால் கேட்டால்தான் தெரியும் என்று விட்டுவிடலாம். என் போனின் சிம் என் ஆதாரில், என் பெயரில், அப்பா பெயரோடு வாங்கியது; அதில் ஏற்றினால் நேராக என்னிடம்தான் வரும்.

நாளைக்கு என் போனில் ஏற்றப்போவதாகச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டீக்கடையில நான் ஒம்பக்கத்துல உக்காருவேன்" என்றார். அழுதுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

வழக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஐயாவின் பின்னால் கோர்ட்டுக்குப் போனேன். ஜெபசிங் கூண்டில் நின்றான், பத்து நாளில் இன்னும் வற்றிப்போயிருந்தான். மனு பதினொன்று பத்துக்கு வந்தது. அரசு வக்கீல் அந்தத் தாளை வாசித்தார். என் வாக்கியம் அவர் வாயில் இன்னும் பயங்கரமாக இருந்தது.

தண்ணீர் குடிப்பதுபோல வராந்தாவுக்கு வந்தேன். கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை உள்ளே போனேன். பதினொன்று இருபத்திரண்டுக்கு ஏற்றினேன்.

திரும்பி வந்தபோது அவர்களுடைய வக்கீல் தன் போனை மாஜிஸ்திரேட் அம்மாவின் மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்போது, இந்த நிமிடம், இவருடைய கணக்கில் விளக்கு ஏற்றப்பட்டிருக்கிறது அம்மா."

அரசு வக்கீல் எழுந்தார். "இதில் என்ன இருக்கிறது? வேறு யாராவது இவர் கணக்கைத் திறந்து ஏற்றியிருப்பார்கள்."

"அதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன்" என்றார் அவர்களுடைய வக்கீல்.

மாஜிஸ்திரேட் அம்மா போனையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாமீன் கொடுத்தார். ஜூலை 14 அன்றும் இன்றும் இந்தக் கணக்கு எந்த இணைப்பிலிருந்து, யார் எண்ணிலிருந்து திறக்கப்பட்டது என்ற விவரத்தை ஒரு வாரத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்றும் உத்தரவிட்டார். ஐயா திரும்பி என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் அதை ஒளிக்கவில்லை.

காகித வேலை முடிந்ததும் வராந்தாவில் ஜெபசிங் கலங்கரையிடம் கேட்டான். "யாருக்கா ஏத்துனது? அந்த அக்காதானா?"

"கேக்கப்பிடாது."

"ஒரு வார்த்த நன்றி சொல்லணும்லா."

மூன்றடி தள்ளிக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். என்னைக் கடந்து போகும்போது, "மேடம், வாரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. மிக்சி ரப்பர் வாங்கினேன்.

ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில் நண்டுவின் கணக்குக்குள் போய்ப் பார்த்தேன். யார் போனிலிருந்தோ விளக்கை அவனே ஏற்றியிருந்தான். கடவுச்சொல்லை மாற்றவில்லை. தீவின் கரையில் ஒரு பலகை நட்டிருந்தான்: 'அக்கா, அடுத்த லோடு வெள்ளிக்கிழமை. விளக்கு ஒங்க கையிலயே இருக்கட்டும்.'

வெளியே வந்தேன். இந்த முறை மேலே யார் பெயர் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மஞ்சக்கிழங்கின் கணக்கிலிருந்து அவனுக்கு எழுதினேன். நான் யார், 14ஆம் தேதி என்ன செய்தேன், வாக்குமூலத்தில் எந்த வரியை எடுத்தேன், அன்று தட்டச்சு மேஜையில் உட்கார்ந்திருந்தது யார். எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி எழுதினேன்.

படித்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் வரவில்லை.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். ஜூலை 14. 'மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.' கிழிக்கவில்லை. ஒரே கோடாக அடித்து, மேலே எழுதினேன்: 'மாலை 5.41. எழுதியது நான். இசக்கியம்மாள், முதல்நிலைக் காவலர்.' பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். நாளைக் காலையில் பதிவேட்டை அவர்களுடைய வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

ஆறு மணிக்கு இன்னொரு முறை முயன்று பார்த்தேன். கடவுச்சொல் மாறிவிட்டது.